கோக்தாஷில் ஒட்டு முளைத்த கோடை

இது நடந்தது என்று கோக்தாஷ்காரர்கள் சொல்கிறார்கள். நடக்கவில்லை என்று சொல்லக்கூடிய யாரும் அந்த வருடம் அந்த ஊரில் இல்லை. காக்கசஸ் மலையில், பனியாறு பாறையை அறுத்துக்கொண்டு இறங்குகிற ஒரு பள்ளத்தாக்கில், பாலத்துக்கு அந்தப் பக்கம், நாற்பத்தொரு புகைபோக்கிகளும் ஆயிரத்துக்கு மேல் ஆடுகளும் ஒரே ஒரு பள்ளிக்கூடமும் உள்ள ஊர் அது. அங்கே பேசுகிற மொழி கராச்சாய்-பல்கார். நம் மொழியில் ‘என்’ என்ற சொல் வீட்டுக்கு முன்னால், வாசலில் விட்ட செருப்பைப் போலத் தனியாகக் கிடக்கும். போட்டுக்கொள்ளலாம், கழற்றியும் விடலாம். அவர்கள் மொழியில் அப்படி இல்லை. ‘ஊய்’ என்றால் வீடு, ‘ஊயும்’ என்றால் என் வீடு, ‘ஊயுங்’ என்றால் உன் வீடு, ‘ஊயுபிஸ்’ என்றால் எங்கள் வீடு. யாருடையது என்பது சொல்லின் வாலில் ஓர் ஒட்டாகப் போய் ஒட்டிக்கொள்ளும்; அது ஒட்டிய பிறகுதான் வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்கிற வேற்றுமைகள் எல்லாம் அதன் பின்னால் வந்து வரிசையில் நிற்கும்.

இதைத்தான் ஐமெலெக் மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் செய்யமாட்டாள், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் துண்டு சட்டைப்பையில் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் மறுநாள் முதல் வேலையாகத் திருப்பி வைப்பாள். மூன்று நாள் மழை விட்ட மே மாதத்துத் திங்கட்கிழமை அது. ஒன்பது பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தன் பொருளைத் தூக்கிக் காட்டி ‘என் பை’, ‘என் தொப்பி’, ‘என் புத்தகம்’ என்று சொல்ல வேண்டும். முதல் பெண் பையைத் தூக்கிச் சொன்னாள். பையின் அடியில் ஒன்று முளைத்தது.

கட்டைவிரல் அளவு இருந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக, சின்னக் காலிஃபிளவர் துண்டு போல முண்டு முண்டாக, வழவழவென்று ஈரமாக இருந்தது. அந்த மலைக்காரர்கள் பாலைப் புளிக்கவைக்க ‘கிப்பி’ என்று ஓர் உறை வைத்திருப்பார்கள், பார்வைக்கு அச்சாக அதைப் போலவே இருந்தது. ஆனால் கிப்பி குளிர்ந்திருக்கும், இது உடம்புச் சூட்டில் இருந்தது. கிப்பி சும்மா கிடக்கும், இது மெல்ல விரிந்து சுருங்கியது. கெட்ட பாலும் நனைந்த கம்பளியும் பல் விளக்காத வாயும் சேர்ந்த ஒரு வாடை அதிலிருந்து வந்தது. டீச்சர் நிறுத்தச் சொல்லாததால் பிள்ளைகள் நிறுத்தவில்லை. ஒன்பதாவது பையன் உட்காரும்போது ஒன்பது பொருள்களில் ஒன்பது ஒட்டுகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ‘உன் பை’, ‘அவன் பை’ என்று சொல்லிப் பார்த்தார்கள், எதுவும் முளைக்கவில்லை. ‘என்’ என்பதற்கும் ‘எங்கள்’ என்பதற்கும் மட்டுமே முளைத்தது. ஐமெலெக் குனிந்து தன் கையைப் பார்த்தாள். பாடம் தொடங்கும்போது, பேச்சுவாக்கில், என் சாக்பீஸ் எங்கே என்று கேட்டிருந்தாள். அவள் விரல்களுக்கு நடுவே அது வியர்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வெளியே தலையை நீட்டி, காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

முதல் ஒரு மணி நேரம் ஊரில் கூச்சல் இருந்தது என்பது உண்மை. நடுப்பகலில் மாடு கறக்கும் நேரம் வந்தது. மாடுகளுக்கு எந்த அதிசயமும் தெரியாது, மடி கனத்துக் கத்தின. பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள், வாளிக் காதில் தொங்கிய ஒட்டைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டுக் கறந்தார்கள். மாலைக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. தொழுகைக்கு முன்னால் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும், தீட்டில்லை என்று பள்ளிவாசல் பெரியவர் சொல்லிவிட்டார். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி காரில் வந்து, இறங்காமலே நான்கு புகைப்படம் எடுத்து, பூஞ்சை என்று எழுதிக்கொண்டு போனார். போகும் வழியில் என் கார் என்று யாரிடமோ போனில் பெருமை பேசியிருக்கிறார். பாலம் தாண்டும்போது பின்பக்கக் கண்ணாடி முழுக்க வழிந்துகொண்டிருந்ததாம்.

ஒட்டை அறுத்தால் விடிவதற்குள் இரண்டாக முளைக்கும். உப்புப் போட்டால் சுருங்கும், வாடை மட்டும் கூடும். பொருளை விற்றாலும் தானம் கொடுத்தாலும் பழைய ஒட்டு விழாது, அதன்மேல் புதியவரின் ஒட்டு ஏறிக்கொள்ளும். சந்தையில் பழைய கோட்டு வாங்கியவர்களின் முதுகில் ஏழெட்டு அந்நியர்கள் அடுக்கடுக்காக மூச்சு விட்டார்கள். அரசாங்கம் ஊரையே ரயிலேற்றி ஆசியப் புல்வெளிக்கு நாடு கடத்தி, பதின்மூன்று வருடம் கழித்துத் திரும்ப விட்ட காலம் ஒன்று அந்த மக்களுக்கு உண்டு. பழைய வீடுகளின் நிலைப்படியில் இடையில் குடியிருந்தவர்களின் ஒட்டு காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தது, அதைச் சுரண்டினால் அடியில் தாத்தாக்களுடையது இன்னும் ஈரமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட ஊருக்குப் பிடித்துப்போனது ஒன்று. ஒட்டு இருக்கிற பொருள், உரியவர் போகக்கூடாது என்று நினைக்கிற இடத்துக்குப் போகாது. இரவல் போன கோடரி தானாக வீட்டு வாசலுக்கு உருண்டு வந்தது. ஒரு வாரத்தில் இனிக் காவல் வேண்டாம் என்று நாய்களை அவிழ்த்து விட்டார்கள், ஒரு மாதத்தில் பட்டிகளுக்குப் பூட்டுப் போடுவதை நிறுத்தினார்கள். “இனிமேல் திருடன் சோற்றுக்கு என்ன செய்வான் பாவம்” என்று கடைக்கார ஸோஃபியாத் சிரித்தாள். பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாக என் பிஸ்கட் என்று சொல்லித்தான் அவள் அடுக்கி வைப்பாள். தின்றவர்களின் கால் மறுநாளும் அவள் கடைக்கே திரும்பியது. ஆண்கள் மாலையில் கூடி உட்கார்ந்து எவனுடைய ஒட்டு பெரிது என்று அளந்தார்கள். பெண்கள் அதற்குக் கம்பளியில் குல்லாய் பின்னிப் போட்டார்கள். ஐமெலெக் ஒருத்திதான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் தட்டைத் துணியால் பிடித்து, மூக்கால் மூச்சு விடாமல் சாப்பிட்டு, இளைத்துக்கொண்டே போனாள்.

அவள் இருந்தது கணவனின் அண்ணன் பியாஸ்லான் வீட்டில். கணவன் கம்போலாத் மூன்று வருடத்துக்கு முன்னால் பனிச்சரிவில் செத்துப்போனான்; அப்போது மகள் அல்தினுக்கு மூன்று வயது. அந்த ஊர் வழக்கத்தில், புருஷன் செத்த பெண் பிறந்த வீட்டுக்கோ வேறு எங்கோ போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். பிள்ளை தகப்பன் குலத்தோடு இருக்கும். கீழே பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் உள்ள நகரத்துப் பள்ளியில் ஐமெலெக்குக்கு வேலை கிடைத்திருந்தது. செப்டம்பர் முதல் தேதி சேர வேண்டும். ஓர் அறையும், அல்தினுக்கு முதல் வகுப்பில் இடமும் தருவதாகக் கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை அவள் எங்கள், என் என்று எதுவும் சொல்லாமல், வாயை மூடிக்கொண்டு, மெத்தைக்கு அடியில் வைத்திருந்தாள்.

பியாஸ்லானுக்கு நானூறு ஆடு. ஒட்டு முளைக்கத் தொடங்கிய மறுநாளிலிருந்து அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, பள்ளத்தாக்கு முழுக்க மெதுவாக ஓட்டிப் போய்க்கொண்டே, என் மேய்ச்சல், என் சரிவு, என் பாறை, என் பாறை, அதோ அதுவும் என் பாறை என்று சொல்லிக்கொண்டு போனார். அவர் போன வழியெல்லாம் புல்லும் கல்லும் வாலை நீட்டின. அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர் கிளம்பினார்கள். ஊர் ஊற்றை ஏழு பேரும் என் ஊற்று என்றார்கள். ஏழு பேருடைய ஒட்டும் ஊற்றுக்கண்ணில் முளைத்து ஒன்றையொன்று நெரித்து, தண்ணீர் சளி போல நூல் நூலாக விழுந்தது. பெண்கள் அதை மெல்லிய துணியில் வடிகட்டினார்கள், வடிகட்டிய துணியைப் பிழிந்தார்கள், பிழிந்ததைத் தின்ற நாய்கள் கொழுத்தன. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பியாஸ்லானின் ஒட்டுகள் மற்றவர்களுடையதைப் போல வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறமாக, அங்கங்கே கறுப்பு முடி முளைத்து இருந்தன. அவர் வயிறாரச் சாப்பிட்டால் பள்ளத்தாக்கில் எங்கெங்கோ அவை புடைக்கும். ஏப்பம் விட்டால் வாடை வரும்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது ஐமெலெக் பேச்சை எடுத்தாள். கணவனின் அண்ணனிடம் நேராகப் பேசுவதோ அவர் பெயரைச் சொல்வதோ அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்ணுக்கு ஆகாது. எனவே அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அவருடைய மனைவி தவ்ஜானைப் பார்த்துச் சொன்னாள். தவ்ஜான் அவளுக்கு ஓரகத்தி.

“அக்கா, செப்டம்பரில் நான் கீழே போகிறேன். அல்தினையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பெரியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.”

தவ்ஜான் கணவன் பக்கம் திரும்பினாள். “கேட்குது இல்ல? கேட்கிறாள்.”

“கெலின் போகட்டும்” என்றார் அவர், ரொட்டியைக் கிழித்துக்கொண்டே. வாழ வந்த பெண்ணை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். “படித்தவள். நாலு காசு பார்க்கட்டும். பிள்ளை எதற்கு?”

“பிள்ளை தாயோடு இருக்கவேண்டாமா என்று கேளுங்கள் அக்கா.”

“பசு எங்கே வேணுமானாலும் மேயும். கன்று யாருடையது என்று பசுவிடம் யாரும் கேட்கிறதில்லை என்று அவளிடம் சொல்.”

“நான் ஒன்றும் சொல்லமாட்டேன்” என்றாள் தவ்ஜான். “அவளுக்குக் காது இருக்கு.”

பியாஸ்லான் சிரித்தார். அல்தின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சூப்பில் ரொட்டியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் பட்ட கையை அவர் குழந்தையின் பின்கழுத்தில் வைத்து, பாசமாகத்தான், “கிஸிபிஸ்” என்றார். எங்கள் பெண். கையை எடுத்தபோது அங்கே சாம்பல் நிறத்தில் ஒன்று முளைத்திருந்தது. குழந்தை கழுத்தைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள். “அம்மா, இதில் முடி இருக்கு.”

ஐமெலெக் அன்றைக்குச் சாம்பலாலும் சோப்பாலும் சாராயத்தாலும் துடைத்துப் பார்த்தாள். கையுறை போட்டுக்கொண்டு பிடித்து இழுத்தாள். அது பல்லிக்குஞ்சு போலத் துடித்தது, குழந்தை வலியில் அலறினாள். அப்போதுதான் குழந்தையின் இடது காதுக்குக் கீழே இன்னொன்று இருப்பதைக் கண்டாள். இது வெள்ளை, சின்னது, முடியில்லாதது. யாருடையது என்று தெரிய வெகுநேரம் ஆகவில்லை. கிஸிம், என் பெண்ணே, என்று அவள் தினமும் நூறு தடவை சொல்கிறாள். முகர்ந்து பார்த்தாள். அதே கெட்ட பால், அதே கம்பளி, அதே வாய். தன் வாய். நேர்மையான பெண்தான் என்பதால், அது வேறு மாதிரி மணந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை.

ஜூலையில் ஒரு நாள் காலை, பழம் பொறுக்கப் போவதாகச் சொல்லி, குழந்தையைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு நடந்தாள். பாலத்தின் முதல் பலகைவரை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது பலகையில் குழந்தையின் தலை பின்னால் வளைந்தது. பின்கழுத்து ஒட்டு கயிறு போல நீண்டு, காற்றில் எதையோ பிடித்துக்கொண்டது போல விறைத்து, ஊர்ப் பக்கம் இழுத்தது. ஐமெலெக் ஒரு பக்கம் இழுத்தாள். காதுக்குக் கீழே இருந்த வெள்ளை ஒட்டும் விறைத்து அவள் பக்கம் இழுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஆறு வயதுக் குழந்தையின் முகம் சிவந்து, ஊதா ஆனது. “விடும்மா” என்றாள் அல்தின். “ரெண்டு பேரும் விடுங்க.” ஐமெலெக் விட்டுவிட்டாள். கூடையில் நாலு பழத்தைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஊற்றடியில் ஸோஃபியாத் பார்த்தாள்.

“என்ன டீச்சர், பழம் பொறுக்கப் பாலத்துக்கா போறது? பாலத்தில் என்ன பழம் காய்க்குது?”

“சும்மா போனோம்.”

“எங்கள் ஊர்ப் பிள்ளை சும்மா போகாது. அதுதான் கழுத்தில் கட்டிவிட்டிருக்கே.” மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. அதுதான் ஐமெலெக்குக்குக் குமட்டியது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் பியாஸ்லானின் பட்டியிலிருந்து பதினொரு ஆடுகள் காணாமல் போயின. முதலில் யாரும் நம்பவில்லை. ஒட்டு இருக்கும்போது ஆடு எப்படிப் போகும்? மூன்று நாள் கழித்துக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு சந்தையில் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். காதில் குலத்தின் வெட்டு அப்படியே இருந்தது, தொடையில் சூட்டுக்குறி இருந்தது, ஆனால் பதினொன்றின் கழுத்துகளும் மொழுமொழுவென்று சுத்தமாக இருந்தன. ஒட்டு விழுந்த இடத்தில் தழும்புகூட இல்லை. திருடனைப் பிடித்து உலுக்கினார்கள். “நான் ஒன்றும் செய்யலியே” என்று அழுதான் அவன். “ஓட்டிக்கிட்டு வந்தேன், வழியில் அதுவா பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சு. வாந்தி வந்துச்சு எனக்கு.”

ஆண்கள் தேநீர் ஆறும்வரை அதைப் பேசினார்கள், ஒன்றும் விளங்கவில்லை, எல்லாப் பட்டிக்கும் பழையபடி பூட்டுப் போட்டார்கள். ஊற்றடியில் பெண்கள் ஒன்றுமே பேசவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், வடிகட்டும் துணியைப் பிழிந்தார்கள். ஏனென்றால் கோக்தாஷில் கிப்பி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எப்படிப் போகும் என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். கிப்பியைக் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது. கொடுத்த கிப்பி செத்துப்போகும், பால் நாறும். திருட வேண்டும். புதிதாகக் குடும்பம் வைத்தவள் வருவாள் என்று தெரிந்தால், கிப்பிக்காரி கிண்ணத்தைத் திறந்து படியில் வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விடுவாள். மற்றவள் வருவாள், வாய் திறக்கமாட்டாள், எடுத்துப் போவாள். அவள் தெரு திரும்பிய பிறகு கிப்பிக்காரி வாசலுக்கு வந்து, எந்த நாசமாய்ப் போனவள் என் கிப்பியை எடுத்தாள் என்று ஊர் கேட்கத் திட்டுவாள். எவ்வளவு கேவலமாகத் திட்டுகிறாளோ அவ்வளவு நன்றாகப் பால் புளிக்கும். உறை போலவே இருக்கிற ஒன்று உறை போலவேதானே நடந்துகொள்ளும் என்று மே மாதத்திலேயே யாருக்காவது தோன்றியிருக்கலாம்; தோன்றவில்லை, பூட்டைக் கழற்றுகிற அவசரம்.

அன்று மாலை தவ்ஜான் ஐமெலெக்கைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டு, முதுகைத் திருப்பி, சட்டையைத் தோள்வரை தூக்கினாள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில், ஒரு சொம்பு அளவுக்கு, முடியோடு அது தொங்கியது. கணவன் எங்கோ வீட்டுக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மடக்குக்கும் அது புடைத்து அடங்கியது.

“இருபத்திரண்டு வருஷமா நான் குப்புறத்தான் படுக்கிறேன்” என்றாள் தவ்ஜான். “இவ்வளவு நாளும் முதுகுவலி என்று நினைத்தேன். இப்போ கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான். என்னைத் திருட எவனும் வரப்போறதில்லை. உன் பெண்ணுக்கு இன்னும் கட்டைவிரல் அளவுதான்.”

ஐமெலெக் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “திருட்டா அக்கா? நானா?”

“ஏன், திருடினால் கை அழுகிடுமா? வெள்ளிக்கிழமை மதியம் அவர் மேய்ச்சலுக்குப் போவார். நான் பிள்ளையைப் படியில் உட்காரவைத்துவிட்டுக் கறக்கப் போவேன். அதுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.”

“அவள் என்…” என்று தொடங்கினாள் ஐமெலெக்.

தவ்ஜான் அவள் வாயில் அடித்தாள். லேசாகத்தான். “அதைத்தான் சொல்லாதே என்கிறேன். உன்னுடையதை நீ எப்படித் திருடுவே? திருடினவன் ஒருத்தன்தான் என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிறவன். நீ அப்படி வரணும். அடுத்தவன் வீட்டுப் பிள்ளையைத் தூக்க வருகிற மாதிரி வரணும். நடிக்காதே. நடித்தால் விழாது, பார்த்துக்கோ.”

வெள்ளிக்கிழமை வரை இருந்த ஆறு நாளும் ஐமெலெக் தனக்குச் செய்துகொண்டது சின்ன வேலை இல்லை. குழந்தைக்குத் தலை வாரும்போது அவள் பெயரை மட்டும் சொன்னாள். சாப்பாடு ஊட்டும்போது பெயரை மட்டும் சொன்னாள். வாயில் சொல்லாமல் இருப்பது முதல் நாளிலேயே வந்துவிட்டது, மனதுக்குள் சொல்லாமல் இருப்பதுதான் வரவில்லை. தூங்குகிற குழந்தையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு, கிஸ்லாரி, கிஸ்லாரி, இவர்களுடைய பெண், இவர்களுடைய பெண் என்று மனப்பாடம் செய்தாள், பரீட்சைக்குப் படித்ததைப் போல, தப்பு வந்தால் முதலிலிருந்து. நாக்கில் சோப்பு வைத்தது போல இருந்தது. நான்காம் நாள் அந்தச் சொற்கள் எதிர்ப்பில்லாமல் வந்தன. ஐந்தாம் நாள் அவள் குழந்தையைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளையோ, அழகாக இருக்கிறது, என்று உண்மையிலேயே ஒரு கணம் நினைத்தாள். நினைத்தவுடன் கொட்டிலுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வெறும் பித்தம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வெயில் சுள்ளென்று இருந்தது. ஜீப் மேலே போகிற சத்தம் அடங்கியது. ஐமெலெக் பின்பக்கமாகச் சுற்றி, தெருவழியாக, முன்பின் அந்த வீட்டுக்கு வராதவளைப் போல வந்தாள். அல்தின் படியில் உட்கார்ந்து ஒரு குச்சியால் எறும்புகளை வழிமறித்துக்கொண்டிருந்தாள். கொட்டிலில் பால் வாளியில் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம், கல்லூரி வாசலில் நின்ற முதல் நாளிலிருந்து ஐமெலெக்கை விடாத அந்தப் பயம், இப்போது முழுசாக, நியாயமாக வந்தது; ஏனென்றால் அவள் இப்போது செய்ய வந்தது குற்றம்தான். அவள் குழந்தையிடம் எதுவும் சொல்லவில்லை. இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினாள். ஒரு கோழியைத் திருடுகிறவள் கோழியின் வாயைப் பொத்துவதைப் போல வாயைப் பொத்தினாள். ஓடினாள்.

பாலத்துக்கு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. முதல் பலகை, இரண்டாவது பலகை. பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. சாம்பல் நிற ஒட்டு மரப்பலகையில் விழுந்து, மல்லாந்து, முடியெல்லாம் மேல்பக்கமாக, மீன் போல இரண்டு தடவை துள்ளியது. இன்னும் நாலு அடி வைத்ததும் வெள்ளை ஒட்டும் விழுந்தது, சத்தமே இல்லாமல், அவள் கைமேல் வழிந்து. அவள் கையை உதறினாள். ஊர்ப் பக்கமிருந்து தவ்ஜானின் குரல் எழுந்தது.

“திருடி! ஊரெல்லாம் வாருங்க, திருடி! படித்த நாயே, பிள்ளை பிடிக்கிறவளே, சோறு போட்ட வீட்டில் கைவைத்தவளே! உன் கை அழுக! உன் பல் கொட்ட! டீச்சராம் டீச்சர்!”

அவ்வளவு கேவலமாக அந்த ஊரில் அதற்கு முன்னால் யாரும் திட்டப்பட்டதில்லை. ஸோஃபியாத்தின் குரலும் சேர்ந்துகொண்டது, இன்னும் பல குரல்கள் சேர்ந்துகொண்டன. எத்தனை பேர் தெரிந்து திட்டினார்கள், எத்தனை பேர் தெரியாமல் திட்டினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஐமெலெக் ஓட்டத்தை நிறுத்தவில்லை. திட்டு ஒவ்வொன்றும் உண்மை போலவே இருந்தது. இனி அந்த ஊரில் அவளை டீச்சர் என்று யாரும் கூப்பிடமாட்டார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கீழே போகிற சிற்றுந்து நின்றுகொண்டிருந்தது; ஐமெலெக் குழந்தையோடு அதன் படியில் ஏறினாள். ஓட்டுநர் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன், நடு வயது, அதே மொழிதான் பேசுவான். அவன் ஆட்டுக்கார பியாஸ்லானை நன்றாக அறிந்தவன். பதினொரு ஆடு காணாமல் போனதிலிருந்து அவன் வண்டியில் ஏறுகிற எதையும் இரண்டு தடவை பார்த்தான். குழந்தையின் கழுத்தைப் பார்த்தான். காதுக்குக் கீழே பார்த்தான். கழுத்தில் ஒன்றுமில்லாத குழந்தையை அவன் அந்தக் கோடை முழுக்கக் கண்டதில்லை.

“இறங்கும்மா” என்றான். “யார் பிள்ளை இது?”

ஐமெலெக் வாயைத் திறந்தாள். ஒரு சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் வண்டி கிளம்பும். சொன்னால் குழந்தையின் கழுத்தில் மறுபடியும் முளைக்கும், அவள் வாய் வாடையோடு. வாயை மூடினாள்.

“உன்னைத்தான் கேட்கிறேன். உன் பிள்ளையா? சொல்லேன். சொல்ல என்ன கேடு?” உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “திருடிக்கொண்டு வந்தியா?”

“ஆமாம்” என்றாள் ஐமெலெக். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது.

ஓட்டுநர் கைபேசியை எடுத்தான். அப்போது அல்தின், இவ்வளவு நேரமும் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த மனுஷனுக்குக் கண் தெரியவில்லையோ என்பது போல அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஐமெலெக்கின் பாவாடையைப் பிடித்து அவன் பக்கம் இழுத்துக் காட்டினாள்.

“அனாம்” என்றாள். என் அம்மா.

ஐமெலெக்கின் பின்கழுத்தில் ஏதோ ஒன்று சில்லென்று, உடனே சூடாக, தோலைத் துளைத்துக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “முளைச்சிடுச்சு, ஏத்திக்கோ” என்றாள் ஓட்டுநரிடம், அலுப்பாக. அவன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

ஜன்னலோரத்தில் குழந்தை உட்கார்ந்தாள், பக்கத்தில் ஐமெலெக். வாடை எழுந்தது. கெட்ட பால், நனைந்த கம்பளி, காலையில் குழந்தை தின்ற வெங்காயம். எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தாள். முதல் திருப்பத்தில் அது வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது. கைக்குட்டையை எடுத்தாள், கையைப் பின்னால் கொண்டுபோனாள், அதைச் சுற்றிலும் இருந்த ஈரத்தை, அதன்மேல் விரல் படாமல், மெதுவாகத் துடைத்துக்கொண்டாள்.